சொன்னெராவின் காட்டுக்கோழி

நம் மன்ற இதழில் சான்றோர் பலருடைய வாழ்க்கையைப் படித்திருக்கிறோம். அவர்களுள் பெரும்பாலோர் குறை ஒன்றும் இல்லாதவர்கள். அல்லது, எழுதியவர்கள் அவர்களுடைய குறையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். நான் இங்கே எழுதப் புகுந்தது அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி அன்று. முப்பது வயது நிரம்புவதற்கு முன்பே உலகறியப் பொய் சொன்னவர் இவர். அந்தப் பொய்யின் சுவடு இன்றும் விலங்கியல் நூல்களில் அழியாமல் இருக்கிறது. இதே மனிதர்தாம் நம் மலைக்காட்டுச் சேவலை நேரில் பார்த்து, வரைந்து, ஐரோப்பியர்க்கு அறிமுகம் செய்தார். பேரறிஞர் வால்தேர் நம்பிப் போற்றிய ஒரு போலி வேதத்தைப் போலி என்று எடுத்துரைத்தவரும் இவரே. பியேர் சொன்னெரா என்பது இவர் பெயர்.

இந்தப் பெயரை நான் நூலகத்தில் தேடிக் கண்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை வேறு. மீன் பிடிக்கும் தூண்டில்முள் ஒன்றின் வழியாகத்தான் அது என்னை வந்து அடைந்தது.

என் வீடு பெங்களூர் மர்பி டவுனில் இருக்கிறது. அல்சூர் ஏரிக்கு அண்மையில், தமிழ்க்குரல் ஓயாமல் கேட்கும் பகுதி அது. கன்டோன்மென்டில் எஞ்சினியராக இருந்த மர்பி என்பவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களிடம் மார்க்கெட்டுக்கு வழி கேட்டால் உடனே சொல்வார்கள். மர்பி யார் என்று கேட்டால் விழிப்பார்கள். என் தாத்தாவின் தந்தையார் கன்டோன்மென்ட் பங்களா ஒன்றில் பட்லராக வேலை பார்த்தவர். அவர் பணி செய்த துரைக்குத் தூண்டில் போடுவதில் தீராத ஆசை. விடுமுறை கிடைத்தால் காவிரிக் கரைக்குப் புறப்பட்டுவிடுவாராம். 1947இல் துரை தாய்நாடு திரும்பியபோது விட்டுச்சென்ற பொருள்களுள் ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. அது இன்று என் தாத்தாவிடம் இருக்கிறது. திறந்தால் கற்பூர மணம் வீசும். உள்ளே வரிசை வரிசையாகக் குத்தி வைத்த முட்கள்; ஒவ்வொரு முள்ளையும் மூடிப் பட்டும் சரிகையும் பல நிற இறகுகளும் கட்டப்பட்டிருக்கும். சிறுவனாக இருந்தபோது அவற்றை நான் ஏதோ நகை என்றே நினைத்தேன்.

அவை மீனை ஏமாற்றச் செய்த ஈக்கள். நாம் அறிந்த தூண்டிலில் மண்புழுவையோ மாவுருண்டையையோ கோத்து, தக்கை அமிழ்வதைப் பார்த்துக் காத்திருப்போம். ஈத்தூண்டில் அப்படி அன்று. அதில் உயிருள்ள இரை கிடையாது. நீர்மேல் விழும் ஈயையோ, நீருக்குள் ஓடும் சிறு மீனையோ நினைவூட்டும்படி இறகால் ஓர் உருவம் கட்டி, அதை மீனின் கண்ணெதிரே ஓடவிடுவார்கள். இறகுக்கு எடை ஏது? ஆகவே எறிவதற்கு ஈயக்குண்டை நம்பாமல் கயிற்றையே கனமாகச் செய்துகொள்வார்கள். சாட்டையைப்போல் கயிறு காற்றில் வளைந்து நீளும். அதன் நுனியில் ஈ மெல்ல இறங்கும். நீலகிரியில் 1907ஆம் ஆண்டு அவலாஞ்சியில் டிரவுட் மீன் வளர்ப்பு தொடங்கிய பிறகு அங்குள்ள ஓடைகளிலும் இந்த முறையில் மீன் பிடித்தார்கள்.

தாத்தா தம் தந்தையார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். முள்ளை ஒரு சிறு இடுக்கியில் அழுத்தி நிறுத்துவார். மெழுகு தடவிய நூலை முள்ளின் தலையிலிருந்து வளைவுவரை நெருக்கமாகச் சுற்றுவார். வளைவின் அருகே வாலுக்கு ஓர் இறகுநுனி. அதன்மேல் சரிகையின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, பட்டிழையால் உடலைச் சுற்றி நிரப்புவார். பிறகு சரிகையை இடைவெளி விட்டுச் சுற்றுவார். அது புழுவின் உடல்வரைபோல் மின்னும். அடுத்து ஒரு சேவற் கழுத்திறகை நுனியில் பிடித்து வளையமாகச் சுற்றினால் அதன் மயிர்கள் விரிந்து ஈயின் கால்களாக நிற்கும். மேலே சிறகு. எல்லாம் முடிந்தபின் தலைப்புறத்தில் ஒரே ஒரு முடிச்சு, அதன்மேல் ஒரு துளி வார்னிஷ். இத்தனை பொருள்களையும் இடையில் தாங்கி நிற்பது சுற்றிய நூலின் இறுக்கமே. நூல் தளர்ந்தால் ஈ குலைந்துவிடும். மிகுதியாக இழுத்தால் நூல் அறுந்துவிடும். எனக்கு இரண்டும் நேர்ந்திருக்கின்றன.

நமக்கு வேண்டிய பொருள்களையெல்லாம் மர்பி டவுனிலேயே தேடிக்கொள்ளலாம். பட்டு அம்மாவின் பழஞ்சேலை ஓரத்திலிருந்து கிடைக்கும். சரிகையும் அதிலேயே உண்டு. இறகுக்குக் கோழிக்கடை இருக்கிறது. ஆனால் துரையின் பெட்டியிலிருந்த ஈக்களில் ஓர் இறகை மட்டும் எந்தக் கோழிக்கடையிலும் நான் பார்த்ததில்லை. ஈயின் இரு பக்கத்திலும் கண்போல் ஒட்டியிருக்கும் அது. கருமையும் சாம்பலும் கலந்த சிற்றிறகின் நடுவே வெண்மையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் பொட்டு. தொட்டால் மயிர்போல் மென்மையாக இல்லை. அரக்கைத் தேய்த்து உலரவிட்டதுபோல் வழவழப்பாகக் கெட்டியாக இருந்தது. இறகின் நடுத்தண்டே அங்கே தட்டையாக விரிந்து தகடாகிவிடுகிறது. இது என்ன பறவை என்று கேட்டேன். துரை அதை ஜங்கிள் காக் என்பாராம். நம் காட்டுக்கோழிச் சேவல்தான் என்றார் தாத்தா. ஸ்காட்லாந்து ஆறுகளுக்காகக் கட்டிய ஈயில் நம் நாட்டுக் காட்டுக்கோழி எப்படிப் போய்ச் சேர்ந்தது? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றபோதுதான் பறவை நூலில் காலஸ் சொன்னெராட்டி என்னும் பெயரைக் கண்டேன். கோழியை விட்டுவிட்டு ஆளைத் தேடத் தொடங்கினேன்.

சொன்னெரா 1748ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லியோன் நகரில் பிறந்தார். அவருடைய உறவினர் பியேர் புவாவ்ர் என்பவர் இந்துமாக்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவின் நிர்வாகியாக அமர்ந்திருந்தார். அந்தத் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புவாவ்ர் என்னும் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் மிளகு என்று பொருள். பெயருக்கு ஏற்ற ஆள் அவர்: சாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரரின் தனிவாணிகமாக இருந்த காலத்தில், அவற்றின் நாற்றுகளைக் கொண்டுவந்து தம் தீவில் பயிரிட்டே தீர்வது என்று முனைந்து நின்றார். இருபது வயது இளைஞராகச் சொன்னெரா 1768இல் அங்கே போய்ச் சேர்ந்து அவரிடம் பணியில் அமர்ந்தார். கொமெர்சன் என்னும் சிறந்த இயற்கை நூலறிஞரும் அப்போது அந்தத் தீவில் தங்கியிருந்தார். பூவையும் பறவையையும் கூர்ந்து பார்க்கவும், பார்த்ததை வரையவும் சொன்னெரா அவரிடம் பழகிக்கொண்டார். நல்ல ஆசிரியர், நல்ல செல்வாக்கு, நல்ல கை. இளைஞர் ஒருவர் முன்னேற வேறு என்ன வேண்டும்?

1771இல் புவாவ்ர் அனுப்பிய கப்பல்கள் நறுமணப் பொருள்களின் நாற்றுகளைத் தேடிப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் மொலுக்காஸ் தீவுகளுக்கும் சென்றன. சொன்னெராவும் சென்றார். அடுத்த ஆண்டு திரும்பினார். பிறகு பிரான்சு சென்று 1776இல் அந்தப் பயணத்தைப் பற்றிப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். இங்கேதான் வினை தொடங்கியது. நூலுக்கு அவர் இட்ட பெயர் நியூகினிப் பயணம் என்பது. நியூகினியில் அவர் கால் வைக்கவே இல்லை. கப்பல் அதற்கு மேற்கே உள்ள சிறு தீவுகளோடு திரும்பிவிட்டது.

பெயரில் மட்டும் மிகைப்படுத்தியிருந்தால் உலகம் மன்னித்திருக்கும். பயண நூல் எழுதுவோர்க்கு அது புதிதன்று. ஆனால் சொன்னெரா அந்த நூலில் நியூகினிப் பறவைகள் என்று பெங்குவின்களை வரைந்து காட்டினார். பெங்குவின் தென்கடலின் குளிர்நீரில் வாழும் பறவை. வெப்பம் மிகுந்த நியூகினியில் அதற்கு என்ன வேலை? பிறர் எங்கிருந்தோ கொணர்ந்த தோல்களைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குக்கபரா என்னும் பெரிய மீன்கொத்தியையும் அவ்வாறே நியூகினிப் பறவை ஆக்கிவிட்டார். அந்நாள் அறிஞர்கள் நூலை நம்பினார்கள். நம்பிப் பெயரும் இட்டார்கள். விலங்குகளுக்குப் பெயரிடும் முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. முறைப்படி முதலில் இட்ட பெயரை, இடம் தவறு என்ற காரணத்துக்காக மாற்ற முடியாது. அதனால் பனிக்கடலில் நீந்தும் ஒரு பெங்குவினுக்கு இன்றும் பைகோசெலிஸ் பப்புவா என்று பெயர். ஆஸ்திரேலியக் குக்கபராவுக்கு டாசெலோ நோவேகினியே என்று பெயர்; நியூகினியைச் சேர்ந்தது என்பது அதன் பொருள். ஓர் இளைஞர் புகழுக்காகச் சொன்ன பொய்யை இரண்டு பறவைகள் இருநூற்றைம்பது ஆண்டாகச் சுமக்கின்றன.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? நூலில் விடை இல்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் குக், பூகன்வில் போன்ற மாலுமிகள் புதுக்கடல்களைக் கண்டு திரும்பி ஐரோப்பாவைத் தம் பெயரால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நாற்றுத் திருடப் போன கப்பலில் இருந்த இளைஞருக்கு அந்த ஒளியில் ஒரு பங்கு வேண்டியிருந்தது. நண்பர்களே, ஆய்வுக் கட்டுரையில் தாம் செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதிவிடும் ஆசை இந்த நாளிலும் முற்றாக மறைந்துவிட்டதா, சொல்லுங்கள்.

நூல் வெளிவருவதற்கு முன்பே, 1774இல், அவர் மீண்டும் கிழக்கே புறப்பட்டிருந்தார். இந்த முறை கடற்படையின் அலுவலராக வந்தார். இலங்கை, மலையாளக் கரை, சூரத்து, சோழமண்டலக் கரை, மலாக்கா, சீனத்துக் காண்டன் என்று 1781 வரை சுற்றினார். இடையில் 1778ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தனர். போர்களுக்கு நடுவே, பிறர் வரியும் வாணிகமும் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் குயவர் சக்கரத்தையும் கோயில் தேரையும் பறவைகளின் இறகையும் வரைந்துகொண்டிருந்தார். 1782இல் பாரிசு நகரில் இரண்டு பாகமாக அவருடைய இந்தியப் பயண நூல் வந்தது. 140 படங்கள் கொண்ட நூல் அது. லிச்சிப் பழமரத்துக்கு இன்றுள்ள அறிவியற் பெயரின் பின்னே இவர் பெயரின் சுருக்கம் நிற்பதற்கும் இந்த நூலே காரணம். நம் கடற்கரைச் சதுப்புக் காடுகளில் வளரும் அலையாத்தி மர இனம் ஒன்றுக்குச் சொன்னெரேஷியா என்று பெயர் சூட்டியவர், புகழ்பெற்ற லின்னேயசின் மகன்.

இந்த இரண்டாம் நூலை முதல் நூலோடு ஒப்பிட்டால் இருவேறு மனிதர் எழுதியவை போலத் தோன்றும். இங்கே அவர் காணாத நாட்டைக் கண்டதாகச் சொல்லவில்லை. தாம் கண்டவற்றைச் சொல்கிறார்: நம்மவர் தொழில், வழிபாடு, திருவிழா, திருமணம். சில இடங்களில் நம்மைத் தூற்றுகிறார். சில இடங்களில் எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் அறிவு கொடுத்தது இந்தியாவே என்று அளவு கடந்து புகழ்கிறார். இரண்டையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தியில் அவர் காட்டிய நேர்மையை நாம் மறக்கக் கூடாது.

எசூர்வேதம் என்று ஒரு சுவடி அந்நாளில் பிரான்சில் பெரிதாகப் பேசப்பட்டது. கிறித்தவத்துக்கு முற்பட்ட இந்திய வேதம் என்று வால்தேர் அதைப் போற்றி, 1761இல் அரசர் நூலகத்துக்கு அளித்தார். 1778இல் அது அச்சேறியது. இந்தியாவுக்கே வந்திராத அறிஞர்கள் அதைக்கொண்டு இந்தியாவைப் பற்றி எழுதினார்கள். சொன்னெரா தம் நூலில், அது நான்கு வேதங்களுள் ஒன்றன்று என்றும், மசூலிப்பட்டினத்தில் பாதிரியார் ஒருவர் சமயவாதத்துக்காக எழுதிய நூல் என்றும் வெளிப்படையாக எழுதிவிட்டார். வால்தேர் மறைந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் புகழ் உச்சியில் இருந்தது. எழுதியவர் எந்தப் பாதிரியார் என்பது பற்றிப் பிற்காலத்தார் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்; அது வேதமன்று என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. போலியைச் செய்து பார்த்த கைக்குப் போலியைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்ததோ என்று குறும்பாக நினைக்கத் தோன்றுகிறது. அதைவிட, நாட்டில் இருந்து பார்த்தவருக்கும் வீட்டில் இருந்து படித்தவருக்கும் உள்ள வேறுபாடு என்பதே பொருந்தும்.

இனிக் காட்டுக்கோழி. அந்த நூலில் சேவலுக்கு ஒரு படம், பெட்டைக்கு ஒரு படம் வரைந்து விளக்கம் எழுதியிருக்கிறார். வேட்டைக்காரர் பலர் அந்தப் பறவையை அதற்கு முன்பே பார்த்திருப்பார்கள். சுட்டுத் தின்றும் இருப்பார்கள். சொன்னெரா அதன் கழுத்திறகைக் கையில் எடுத்துப் பார்த்தார். தண்டு விரிந்து தகடாகும் அந்தப் புதுமையைக் கண்டு எழுதினார். தமிழராகிய நாம் இதில் சற்றுப் பெருமை கொள்ளலாம். குறுந்தொகையில் முல்லைப் பாட்டு ஒன்றில், காட்டுச் சேவலின் புள்ளி நிறைந்த கழுத்தில் மழைத்துளி விழுவதைப் புலவர் காட்டுகிறார். செந்நிறக் காட்டுக்கோழி வடக்கே வாழ்வது. தமிழகத்துக் காடுகளில் உள்ளது புள்ளிக் கழுத்துடைய இந்தச் சாம்பல் நிறக் கோழியே. புலவர் கண்ட கழுத்தும் பிரெஞ்சுக்காரர் வரைந்த கழுத்தும் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

சொன்னெரா அத்துடன் நிற்கவில்லை. உலகெங்கும் வீட்டில் வளரும் கோழிக்கு மூதாதை இந்தக் காட்டுக்கோழியே என்றும் எழுதினார். பெங்குவின் கதை சொன்னவர் சொல்வது ஆயிற்றே! அறிஞர் உலகம் பிறகு இந்தக் கருத்தை ஒதுக்கியது. ஒதுக்கியவர்களுள் பெரியவர் டார்வின். 1868இல் வெளியிட்ட நூலில் அவர் நாட்டுக்கோழிகளையெல்லாம் ஆராய்ந்து, மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றே என்று முடிவு கட்டினார். சாம்பல் நிறக் கோழியின் குரல் வேறு, இறகு வேறு, நாட்டுக்கோழியோடு கலந்து பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் மலடாகின்றன என்பன அவர் காட்டிய காரணங்கள். வலிமையான காரணங்களே. நூற்று நாற்பது ஆண்டுகள் யாரும் அதை அசைக்கவில்லை.

2008இல் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் கோழியின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். நாட்டுக்கோழி பலவற்றின் கால் மஞ்சளாக இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். தீனியிலுள்ள மஞ்சள் நிறப்பொருள் தோலில் படிவதால் அந்த நிறம் வருகிறது. செந்நிறக் காட்டுக்கோழியின் தோலில் அந்தப் பொருளைச் சிதைத்துவிடும் மரபணு வேலை செய்கிறது. அதனால் மஞ்சள் படிவதில்லை. மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அது சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்திருக்கக் கண்டார்கள். மூதாதையருள் முதன்மை செந்நிறக் கோழிக்கே. அங்கே டார்வின் சொன்னது நிற்கிறது. ஆனால் ஒன்றே என்பது நிற்கவில்லை. நம் மலைக்கோழியின் குருதியும் கலந்திருக்கிறது. கோழிக்கடையில் மஞ்சள் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொன்னெரா நினைவு வருகிறது.

1786இல் அவர் மூன்றாம் முறையாகக் கிழக்கே வந்தார். அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதி நம் நாட்டிலேயே கழிந்தது. பிரெஞ்சுப் புரட்சி நடந்த ஆண்டுகளில் கோதாவரிக் கரையில் உள்ள ஏனாம் என்னும் சிறு பிரெஞ்சுப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். 1793இல் போர் மூண்டதும் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் பகுதிகளைக் கைப்பற்றினார்கள். சொன்னெரா கைதியானார். கைவிலங்கு பூட்டிய சிறை அன்று. புதுச்சேரியில் ஆங்கிலேயர் கண்காணிப்பில் வாழும் நிலை. ஓராண்டு ஈராண்டு அன்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! ஊர் சுற்றியே வளர்ந்த கால்கள் ஓர் ஊரில் கட்டுண்டன. அவர் எழுதினார். முன் நூலின் பிழைகளைத் திருத்தியும், புதிய செய்திகளைச் சேர்த்தும், படங்கள் வரைந்தும் ஒரு பெருநூலை உருவாக்கினார். 1813இல் விடுதலை பெற்றுத் தாய்நாடு திரும்பினார். 1814இல், நெப்போலியன் வீழ்ந்த ஆண்டில், பாரிசில் இறந்தார். அந்தக் குழப்பத்தில் முதியவர் ஒருவரின் கையெழுத்துப் படியை யார் அச்சிடப் போகிறார்கள்?

அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டு, டச்சு அறிஞர் டெமிங்க் நம் காட்டுக்கோழிக்கு அவர் பெயரைச் சூட்டினார். அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியதா என்பது சொல்வதற்கில்லை.

பெயர் சூட்டப்பட்ட பறவையின் கதை அதன்பின் வேறு வழியில் ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சால்மன் மீனுக்கு ஈ கட்டும் கலை பெருமோகமாக வளர்ந்தது. சால்மன் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிய பிறகு இரை தின்பதில்லை; ஆனாலும் ஈயைக் கவ்வுகிறது. ஏன் என்பது இன்றும் வாதத்துக்குரியது. எதனால் கவ்வுகிறது என்று தெரியாதபோது மனிதன் எல்லாவற்றையும் கட்டிப் பார்ப்பான் அல்லவா? உலகின் மூலை முடுக்கிலிருந்து இறகுகள் வந்தன. 1850ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய ஜாக் ஸ்காட் என்னும் புகழ்பெற்ற ஈயில் வான்கோழி, மயில், தங்கக் கோழி, தூக்கான் என்று பறவைக் காட்சிச்சாலையே அடங்கிவிடும். அதன் இரு பக்கத்திலும் கண்ணாக ஒளிர்வது நம் காட்டுக்கோழியின் கழுத்திறகு. சிறு மீனின் கண்ணை அது நினைவூட்டும் என்பது கட்டுவோர் நம்பிக்கை. இதே ஈயில் இந்தியக் காக்கை என்றொரு சிவப்பு இறகும் உண்டு. அந்தப் பறவை வாழ்வது தென் அமெரிக்காவில்! பப்புவாப் பெங்குவினுக்கு நல்ல துணை.

கேட்பு மிகுந்தால் காடு தாங்குமா? சேவலைக் கொன்று கழுத்துத் தோலை உரித்து அனுப்பும் வாணிகம் பெருகியது. 1902இல் இந்திய அரசு காட்டுப்பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது; கள்ளக் கடத்தல் அதனால் நின்றுவிடவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தப் பறவையை வேட்டையாடுவது குற்றம். இன்று வெளிநாட்டில் ஈ கட்டுவோர் அங்கேயே பண்ணையில் வளர்த்த காட்டுக்கோழிகளின் இறகை வாங்குகிறார்கள். வண்ணம் அச்சிட்ட போலி இறகும் விற்கிறது. ஆயினும் ஆசை விடுவதில்லை. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் நகரத்து அருங்காட்சியகத்தில், இசை பயிலும் மாணவர் ஒருவர் இரவில் நுழைந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். டார்வினின் காலத்து அறிஞர் வாலசு சேர்த்தவையும் அவற்றில் இருந்தன. மாணவர் ஈ கட்டுவதில் பெயர் பெற்றவர். தோல்களில் பல, இடம் நாள் குறித்த சீட்டைப் பிய்த்துவிட்ட நிலையில் மீண்டன. எங்கே, எப்போது பிடித்தது என்ற குறிப்பு போய்விட்டால் அந்தத் தோல் அறிவியலுக்கு ஏறக்குறையப் பயனற்றது. சொன்னெரா தம் பெங்குவின்களுக்குப் பொய்யான சீட்டு ஒட்டினார்; இவர் உண்மையான சீட்டைக் கிழித்தார்.

சொன்னெரா கைதியாக இருந்து எழுதிய நூல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இருநூறு ஆண்டுகள் கிடந்து, 2010இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தாரின் முயற்சியால் அச்சில் வந்தது. ழான் தெலோஷ், மனோன்மணி பிலியோசா, பியேர் சில்வேன் பிலியோசா ஆகிய மூவரும் பதிப்பித்தார்கள். பிரெஞ்சு நூல் அது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. 1782ஆம் ஆண்டு நூலின் படங்களைக் கணினியில் பார்த்ததோடும், பிறர் எழுதியவற்றை ஆங்கிலத்தில் படித்ததோடும் நான் நிற்க வேண்டியதாயிற்று. நம் மன்றத்தில் பிரெஞ்சைப் பாடமாக எடுத்துப் படிக்கும் நண்பர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். தமிழ் நாட்டுத் தொழில்களைப் பற்றி அவர் எழுதிய பகுதியில் பத்துப் பக்கமேனும் அவர்கள் தமிழாக்கித் தந்தால் அடுத்த இதழில் வெளியிட ஆசிரியர் குழு இசைந்திருக்கிறது. கையெழுத்துப் பிரதி எடுக்க நான் வருகிறேன்.